அந்துருண்டையும் பச்சிளம் குழந்தையும்

(திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நடந்த குடும்ப நல அமர்வுகளில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்த அமர்வில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் பங்கீடு பற்றிப் பேசுவோம். இன்று நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் இருக்கும் ஒரு சின்ன வெள்ளை உருண்டையைப் பற்றிப் பேசப்போகிறோம். சிலர் அதை அந்துருண்டை என்கிறோம், சிலர் பாச்சா உருண்டை என்கிறோம், சிலர் ரசகற்பூரம் என்கிறோம். உருது பேசும் வீடுகளில் ஃபினாயில் கோலி என்பார்கள். மளிகைக் கடையில் கேட்டால் நாப்தலின் என்று எழுதிய பாக்கெட்டை எடுத்துத் தருவார்கள். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான்.

இதைப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எங்களோடு பழகும் ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்கிறோம்.

அந்த வீட்டில் இரண்டாவது பேரன் பிறந்தான். சுகப்பிரசவம், மூன்று கிலோ எடை, அல்ஹம்துலில்லாஹ் எல்லாம் நல்லபடியாக இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மார்கழிக் குளிர். மூத்த பையனுக்கு வாங்கிய கம்பளிப் போர்வை, ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. மூன்று வருஷமாக அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். போர்வையில் வாசனை அடித்தது. சுத்தமாக வைத்திருந்த துணியின் வாசனை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அகீகாவுக்கு உறவினர்கள் வந்த ஏழாம் நாள் பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது சகஜம்தானே என்று காலை வெயிலில் காட்டினார்கள். ஒன்பதாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை, துவண்டுபோய்க் கிடந்தது. கட்டியிருந்த துணியில் சிறுநீர் தேயிலை டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அப்போதுதான் ஓடினார்கள். பார்த்த மருத்துவர் பிள்ளையைத் தூக்கியதும் போர்வையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இந்தத் துணியை எதில் வைத்திருந்தீர்கள்?" என்பதுதான்.

பிள்ளையின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன. நீல விளக்குக்குக் கீழே வைத்தார்கள். இரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்தான், காதும் நன்றாகக் கேட்கிறது. அந்தத் தாய் மட்டும் இன்னும், "நானே என் கையால் சுற்றினேனே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நாங்களும் உண்டு.

ஏனென்றால் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு எங்கள் துணி வங்கி அறையைத் திறந்து பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் கரை புரண்டன. உடுத்த மாற்றுத்துணி இல்லாமல் நின்ற குடும்பங்களுக்கு நீங்கள் மூட்டை மூட்டையாகப் போர்வையும் துணியும் கொடுத்தீர்கள். கொடுத்தது போக மிஞ்சியதை அடுத்த தேவைக்கு என்று கட்டி வைத்தோம். பூச்சி அரிக்கக் கூடாதே என்று ஒவ்வொரு மூட்டையிலும் கைநிறைய அந்துருண்டை போட்டது நாங்கள்தான். குழந்தைத் துணி மூட்டையிலும் போட்டிருந்தோம். அந்த மூட்டைகளிலிருந்து எத்தனை பச்சிளம் பிள்ளைகளுக்குத் துணி போயிருக்கும் என்ற கணக்கு எங்களிடம் இல்லை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தெரியாமல் செய்ததைத் தெரிந்த பிறகும் செய்யக் கூடாது. இன்றைய பேச்சுக்குக் காரணம் இதுதான்.

இந்த உருண்டை எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். நாப்தலின் என்பது பத்துக் கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த ஒரு பொருள். கார்பன் அணுக்கள் இரண்டு வளையங்களாக, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு தேன்கூட்டு அறைகளைப் போல அமைந்திருக்கும். இப்படி வளையங்கள் ஒட்டிய பொருட்களுக்குப் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன் என்று பெயர். அந்தப் பெரிய குடும்பத்தில் மிகச் சிறியது நாப்தலின்.

அது உருக 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் பீரோவில் போட்ட உருண்டை சில மாதங்களில் காணாமல் போய்விடுகிறது. எங்கே போனது? பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள், பதங்கமாதல் என்று சொல்லும். உருகாமலேயே நேராக ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் பெட்டியின் அடியில் தேங்கி, துணியின் இழைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. உருண்டை கரைந்து போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிறோம். அந்த உருண்டை துணிக்குள் போயிருக்கிறது. துணியை எடுத்து உடுத்தினால் அங்கிருந்து மூச்சுக்கும் தோலுக்கும் போகும்.

இன்னொரு குணத்தையும் நினைவில் வையுங்கள். தண்ணீரில் இது மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். ஆனால் எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து அந்தப் போர்வையில் சுற்றினால் என்ன ஆகும்? துணியில் இருக்கும் நாப்தலினைத் தோலில் இருக்கும் எண்ணெய் இழுத்துக்கொள்ளும். பச்சிளம் பிள்ளையின் தோல் மெல்லியது. உடம்புக்குள் போவது சுலபம். எண்ணெய் தேய்த்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று குழந்தை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகவே எச்சரித்து வருகிறார்கள். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத பிள்ளை உண்டா?

இது எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கிக் கல்கரி செய்யும்போது தார் வடியும். அந்தத் தாரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நாப்தலின். 1821-ல் ஜான் கிட் என்ற ஆங்கிலேயர் தாரிலிருந்து இதைப் பிரித்த முறையை எழுதி, பெயரும் வைத்தார். 1826-ல் மைக்கேல் ஃபாரடே இதில் உள்ள கார்பன், ஹைட்ரஜன் விகிதத்தைக் கண்டறிந்தார். இன்று நம் நாட்டில் பிலாய், ரூர்கேலா போன்ற உருக்காலைகளின் கல்கரி உலைகளிலிருந்து நாப்தலின் கிடைக்கிறது. விறகுப் புகையிலும் பீடி, சிகரெட் புகையிலும் வண்டிப் புகையிலும் கொஞ்சம் உண்டு. ஃபார்மோசா கறையான் என்ற ஒரு வகைக் கறையானின் கூட்டில்கூட நாப்தலின் இருப்பதை 1998-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. அன்றைய தென்னாற்காடு மாவட்டம் அவுரிச் சாகுபடிக்குப் பேர்போனது. அவுரியிலிருந்து எடுத்த நீலச் சாயம் இங்கிருந்து கப்பலேறியது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது நாப்தலின்தான். அதன் பிறகு அவுரிக்குச் சந்தை சரிந்தது. திண்டிவனம் பக்கம் இன்றும் சில இடங்களில் அவுரி போடுகிறார்கள் என்றாலும் பழைய காலம் திரும்பவில்லை. நம் முன்னோர் வயலைத் தொட்ட அதே பொருள்தான் இன்று நம் பிள்ளையின் போர்வைக்குள் இருக்கிறது.

உடம்புக்குள் போய் அது என்ன செய்கிறது? நம் கல்லீரல் நாப்தலினை வேறு பொருட்களாக மாற்றுகிறது. அந்தப் பொருட்கள் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. இரும்பில் துரு ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு ஏறாமல் காக்க ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஒரு நொதி இருக்கிறது. அதன் பெயர் ஜி6பிடி. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்த நொதி பிறவியிலேயே குறைவு. இந்தியாவில் எல்லாச் சமூகங்களிலும் உண்டு, அளவுதான் மாறுபடுகிறது. குறைவு உள்ளவர்கள் சாதாரணமாக நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பார்கள். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. நாப்தலின் போல ஏதாவது ஒன்று உள்ளே போகும்போதுதான் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உடையும்.

இந்தக் குறைவு தாய்வழியாக மகனுக்கு வரும். அதனால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் பார்க்கிறோம். தகப்பனுக்குக் குறைவும் தாய்வழியில் அதன் கூறும் சேர்ந்தால் பெண் பிள்ளைக்கும் வரலாம். தாய்வழி என்று சொன்னதும் மருமகளைக் குறை சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். கண்ணின் நிறம் போல, முடியின் சுருள் போல இதுவும் படைப்பில் வருவது. யாரும் தேடிக்கொண்டதல்ல.

சிவப்பணுக்கள் உடைந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் இரத்தத்தில் சேரும். பெரியவர்களின் கல்லீரல் அதை வெளியேற்றிவிடும். பிறந்த பிள்ளையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி இன்னும் வரவில்லை. அளவு மீறினால் அந்த மஞ்சள் மூளையில் போய்ப் படியும். பிழைத்தாலும் காது கேளாமை, கை கால் இழுப்பு, வளர்ச்சிக் குறைவு என்று வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். நொதிக் குறைவு இல்லாத பிள்ளைக்கும் அளவு அதிகமானால் பாதிப்பு வரும். ஆகவே எங்கள் குடும்பத்தில் அப்படி யாருக்கும் இல்லை என்று சொல்லி அலட்சியமாக இருக்க முடியாது.

தவழும், நடக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து. வெள்ளையாக, உருண்டையாக, பளபளப்பாக இருக்கிறது. பிள்ளைக்கு அது மிட்டாய். நொதிக் குறைவு உள்ள பிள்ளைக்கு ஒரே ஒரு உருண்டை போதும். வாயில் போட்ட அன்று பிள்ளை நன்றாக ஓடி விளையாடும். ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் வெளுக்கும், மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும். அதற்குள் உருண்டை விஷயமே மறந்துபோயிருக்கும். கழிப்பறையிலும் கைகழுவும் தொட்டியிலும் போடும் உருண்டைகளும் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில்தான் கிடக்கின்றன. நம் பள்ளிவாசல், மதரஸா கழிப்பறைகளையும் நிர்வாகிகள் கவனிக்க வேண்டுகிறோம்.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. மசக்கையில் மண், சாம்பல், பச்சரிசி தின்ன ஆசை வருவது போலச் சிலருக்கு அந்துருண்டை வாசனை மீது ஆசை வரும். சிலர் வாயிலும் போட்டுவிடுவார்கள். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகக்கூடியது. அப்படிப்பட்ட ஆசைக்கு இரத்தசோகையும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு.

அந்துருண்டையே இல்லாவிட்டால் துணியைப் பூச்சி அரிக்காதா? நியாயமான கேள்வி. துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு கம்பளியும் பட்டும்தான். அதாவது ஆட்டு ரோமம், பட்டு நூல் போல விலங்கிலிருந்து வந்தவை. நாம் பீரோவில் அடுக்கி வைத்திருப்பதில் பாதிக்கு மேல் பருத்தியும் பாலியெஸ்டரும். புர்காவுக்கும் லுங்கிக்கும் பனியன் துணிக்கும் குழந்தை உள்ளாடைக்கும் அந்துருண்டை தேவையே இல்லை. கம்பளியிலும் பட்டிலும்கூட வியர்வையும் எண்ணெய்க் கறையும் உள்ள இடத்தைத்தான் புழு தேடிப் போகும். சுத்தம் செய்து, நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பெரும்பாலும் போதும். பட்டுப் புடவையை மட்டும் நேர் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த வேப்பிலை, கிராம்பு இவற்றைத் துணியில் முடிந்து வைக்கலாம். அவை பூச்சியை ஓரளவு விரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மேல்.

இன்னொன்று. இறுக மூடிய பெட்டியில் ஆவி நிறைந்தால்தான் அந்துருண்டை பூச்சியைக் கொல்லும். திறந்து மூடும் பீரோவிலும் குளியலறை மூலையிலும் போட்டால் பூச்சி சாகாது, நாம்தான் மூச்சில் இழுக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-ல் நாப்தலினை மனிதருக்குப் புற்றுநோய் தரும் சாத்தியம் உள்ள பொருட்களின் பட்டியலில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2008 முதல் நாப்தலின் அந்துருண்டை விற்கத் தடை. நம் கடைகளில் கிடைக்கிறது என்பதால் அது பாதுகாப்பானது என்று அர்த்தம் இல்லை.

வீட்டில் கிடக்கும் உருண்டை எது என்று தெரியாவிட்டால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பழைய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி உருண்டையைப் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால் இன்னொரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். அந்த உப்புத் தண்ணீரில் மிதந்தால் நாப்தலின். அதிலும் மூழ்கினால் கழிப்பறை உருண்டைகளில் வரும் பாராடைகுளோரோபென்சீன். பிறகு அந்த டம்ளரை வாய் வைக்கும் பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம். மூன்றுமே பிள்ளை வாயில் போகக் கூடாதவை. கற்பூரமும் அப்படித்தான். அது வலிப்பையே வரவைக்கும்.

ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த துணியை என்ன செய்வது? தண்ணீரில் கரையாது என்று சொன்னோம் அல்லவா? அதனால் வெறுமனே அலசினால் போகாது. ஆனால் காற்றிலும் வெயிலிலும் ஆவியாகிவிடும். முதலில் இரண்டு மூன்று நாள் மொட்டைமாடியில் விரித்துப் போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து மறுபடியும் வெயிலில் காயவையுங்கள். வாசனை இருந்தால் இன்னொரு முறை. பெரியவர்கள் உடுத்த அது போதும். பிறந்த பிள்ளைக்கு மட்டும் அந்துருண்டையோடு இருந்த துணி வேண்டவே வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திப் புடவை, வேட்டி, லுங்கி இவற்றைவிட நல்ல துணி பிள்ளைக்கு இல்லை.

புகையையும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டிய பின் தலை உலரச் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். அந்தப் புகையிலும் இந்தப் பல்வளையப் பொருட்கள் உண்டு. நாப்தலினைவிடக் கொடிய பென்சோபைரீனும் உண்டு. மூடிய அறையில் பிள்ளை முகத்துக்கு நேராகக் காட்டாதீர்கள். மெல்லிய துண்டால் துடைத்தாலே தலை காய்ந்துவிடும்.

இனி முக்கியமானது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, உதடும் நகமும் வெளுத்தாலோ அந்த நிமிஷமே மருத்துவமனை. காலை வெயில் இதற்கு வைத்தியம் அல்ல. கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். துஆவும் செய்வோம், ஆட்டோவையும் கூப்பிடுவோம். 108-ஐ அழையுங்கள். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. போனதும் மருத்துவர் கேட்கும் வரை காத்திருக்காமல், அந்துருண்டைத் துணி போட்டோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளை உருண்டையை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாம் உடனே பால் கொடுக்கப் போவோம். கொடுக்கக் கூடாது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் பால் அதை உடம்புக்குள் வேகமாக ஏற்றிவிடும். பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே போங்கள். அன்று நன்றாக இருக்கிறான் என்று திரும்பி வந்துவிடாமல், மருத்துவர் சொன்ன நாளில் மறுபடி காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது காரணம் தெரியாமல் இரத்தம் உடைந்து மஞ்சள் வந்திருந்தால் ஜி6பிடி பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குறைவு இருப்பது தெரிந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்து எல்லா மருத்துவரிடமும் காட்டுங்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் போன்ற சில மருந்துகளை அவர்கள் தவிர்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்திருப்பதைச் சொல்லி முடிக்கிறோம். துணி வங்கியிலிருந்த அந்துருண்டை முழுவதையும் எடுத்துவிட்டோம். அங்கிருந்த குழந்தைத் துணிகளைப் பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இனி நீங்கள் துணி கொடுக்கும்போது, உருண்டை போட்டு வைத்த துணியா என்று கேட்போம். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். பிரசவமான ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுக்கும் பையில், இன்ஷா அல்லாஹ், புதிய பருத்தித் துணி மட்டுமே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்றிரவு பத்து நிமிஷ வேலை. வீட்டுக்குப் போனதும் பீரோவையும் டிரங்குப் பெட்டியையும் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டில் பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண் இருந்தால், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், இந்தச் செய்தியை அவருக்கும் சொல்லுங்கள். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைச் சுற்றும் முதல் துணி நல்ல துணியாக இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.